ஐயாவின் ரங்கூன் கைத்தடி

ஏப்ரல் 7, 2025, திங்கள்

சந்தை நாள் என்பதை மறந்து வழக்கமான பஸ்ஸில் ஏறிவிட்டேன். கானாடுகாத்தானில் ஏறும்போது மாற்றுத்திறனாளிகள் சீட் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். இடது முழங்காலில் விடிகாலையிலிருந்தே அந்தக் குறுகுறுப்பு. வீங்குவதற்கு முன்னால் உள்ளே லேசாகச் சூடு பரவும். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் எனக்கு. ஹீமோஃபிலியாக்காரனுக்கு அது என்னவென்று தெரியும்: மூட்டுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. பேன்ட்டுக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

பள்ளத்தூரில் கீரைக்கட்டுகளோடு ஒரு ஆச்சி ஏறினார். "ஏப்பா, கல்லுக் கணக்கா இருக்க. எந்திரிச்சாத்தான் என்ன?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் எட்டி, "சார், அட்டை ஏதும் வச்சிருக்கீங்களா?" என்றார். சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் "ரத்தத்துல என்ன?" என்று தொடங்கி "தொத்துமா?" வரைக்கும் போகும். அதைவிட நிற்பதே மேல் என்று எழுந்துவிட்டேன். காரைக்குடி வரை நின்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முழங்கால் மடங்கவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரி.

கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கு தூக்கத்திலும் வரும். ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் ஃபேக்டர் எட்டு, அதாவது எனக்குக் குறைவாக இருக்கும் உறையவைக்கும் புரதம், 2 சதவீதம் கூடும். நான் 50 கிலோ. 1000 யூனிட் போட்டால் 40 சதவீதம். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் அதில் பாதி கரைந்துவிடும். காசு வாங்காமல் போடுகிறார்கள், அதற்கு என்றைக்கும் கும்பிடு. நேற்று உட்கார்ந்தே போயிருந்தால் இவ்வளவு வீங்கியிருக்காது என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆத்தா ஒன்றும் கேட்கவில்லை. ஐஸைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். அவருடைய அண்ணன், என் அம்மான், பதினாறு வயதில் பல் பிடுங்கப் போய் ரத்தம் நிற்காமலே இறந்தவர். நோய்க்குப் பேர் இருப்பதே அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. பெண்கள் வழியாக வந்து பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பிடிப்பது இது. அதனால் ஆத்தாவுக்கு என் முன்னால் ஒரு குற்ற உணர்ச்சி. வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது.

சாயங்காலம் அவரே வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் போய் ஐயாவின் கைத்தடியைத் தேடியெடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, என் கட்டிலோரம் சாய்த்து வைத்தார். ஐயா ரங்கூனில் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்துத் தேக்கு. பித்தளைப் பூண் கறுத்துப்போயிருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். குன்றக்குடி. கால் நன்றாகத் தேறிவிட்டது. மலைப்படி ஏறும் யோசனை இல்லை, அடிவாரத்தில் ஒரு கும்பிடு போதும். இருந்தாலும் கைத்தடியை எடுத்துக்கொண்டேன்.

என்ன மரியாதை! காவடிக் கூட்டம் தானாக விலகியது. டீக்கடையில் ஒருவர் பெஞ்சைத் துடைத்தே கொடுத்தார். "ஆக்சிடென்ட்டா தம்பி?" "ஆமாண்ணே." வாய் கூசாமல் பொய். உண்மையைச் சொல்லக் கால் மணி நேரம் ஆகும், பொய்க்கு ஒரு வார்த்தை.

இடது காலில் வலி என்றால் தடியை வலது கையில் பிடிக்க வேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்று முழுக்க இடது கையில்தான் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திங்கட்கிழமை ரத்தம் கசிந்துகொண்டிருந்தபோது நான் கல். இன்று ஒன்றும் இல்லாதபோது நோயாளி.

ஏப்ரல் 13, ஞாயிறு

பெங்களூரில் இருக்கும் சிநேகிதன் போனில் சூரியகாந்திப் பட்டையைப் பற்றிச் சொன்னான். பார்த்தால் தெரியாத குறை உள்ளவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பச்சைப் பட்டை, மேலே சூரியகாந்திப் பூ. 2016இல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. அதே 2016இல்தான் நம் ஊர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தது. 7ஆக இருந்த குறைபாடுகள் 21 ஆயின. ஆட்டிசம், பார்க்கின்சன், தலசீமியா எல்லாம் உள்ளே வந்தன, நாங்களும் வந்தோம். (வேலை இடஒதுக்கீட்டில் மட்டும் எங்களுக்கு இடமில்லை.)

அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றால் சமையல் எண்ணெய் விற்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அதே சட்டத்தின் 92ஆம் பிரிவு. கீரைக்கார ஆச்சி வேண்டுமென்றா சொன்னார்? அவருக்கும் கால் வலித்திருக்கும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அதே கண்டக்டர். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஏறும்போதே 'சீட்டு வேணும்'னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். என்னன்னு கேக்க மாட்டேன்" என்றார். நான் தலையாட்டுவதற்குள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

உலக ஹீமோஃபிலியா தினம். வாட்ஸ்அப்பில் சிவப்பு ரிப்பன்.

பஸ்ஸில் கூட்டம். மாற்றுத்திறனாளிகள் சீட்டில் ஒரு காலேஜ் பெண், காதை முழுசாக மூடும் ஹெட்போன். மனதில் முதலில் ஓடியது இதுதான்: கல்லுக் கணக்கா இருக்கா, எந்திரிச்சாத்தான் என்ன? ஆச்சியின் குரல், அச்சு அசலாக. ஏர் ஹாரன் அலறியதும் அவள் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது என் கைத்தடி கண்ணில் பட்டது. உடனே எழப் போனாள். கம்பியைப் பிடித்த விரல் நடுங்கியது.

"உக்காரும்மா. எனக்கு இன்னைக்கு வலி இல்ல."

நிஜமாகவே இல்லை. அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னையும் தடியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"வலி இல்லேன்னா கம்பு எதுக்குப்பா?"

பதில் யோசிப்பதற்குள் கோட்டையூர் வந்து, இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள்.