சர்க்கரை சென்சாரைச் சோதிக்கும்போது

கையில் ஒட்டி வைக்கும் இந்தச் சென்சார் அளப்பது தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தின் சர்க்கரையை. ரத்தத்தைவிட 5 முதல் 10 நிமிடம் பின்தங்கும். இட்லி சாப்பிட்ட அரைமணியில் விரல் ரத்தத்தில் பார்க்கும் குளுக்கோமீட்டரோடு ஒப்பிட்டால் நல்ல சென்சாரும் தப்பாகத் தெரியும். சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சென்சார் காட்டும் அம்புக்குறி கிடையாக நிற்கும்போது ஒப்பிடுங்கள். விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் தொட்ட விரல் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

முதல் 24 மணிநேர எண்களைத் தனியாக வையுங்கள், சென்சார் குத்திய காயம் அடங்காத நேரம் அது.

ராயபுரம், காசிமேடு பக்கம் மே மாதப் புழுக்கத்தில் பெரிய தொல்லை ஒட்டுப்பசைதான். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வேண்டவே வேண்டாம்.

இரவு 2 மணிக்குத் திடீரென்று 55 mg/dL காட்டினால், நோயாளி சென்சார் ஒட்டிய கைமேல் படுத்திருந்தாரா என்று கேளுங்கள். அழுத்தினாலே எண் இறங்கும். ஆனாலும் விரலில் குத்திப் பார்க்காமல் அதை ஒதுக்கக் கூடாது.