இரண்டு பிக்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஒரு நடுநிலைப் பள்ளி. அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஏழெட்டுப் பேர் ஆங்கிலப் பாடத்தைத் தடையின்றி வாசித்துப் பொருளும் சொல்வார்கள். பாதிக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள். ஆறு பேருக்கு 26 எழுத்துகளே இன்னும் பிடிபடவில்லை. இவர்களோடு, பீகாரிலிருந்து வந்து ஜூலையில் சேர்ந்த ஒரு சிறுமி. அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

நான் வாசிக்க, வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். அந்தக் கணீர்க் குரலைக் கேட்டு, பாடம் நன்றாகப் போகிறது என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஒரு நாள் ஒரு பையன் வேறு பாடத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்த பாடத்தைப் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் காதால் கேட்டுப் பதித்தது. ஐந்து ஆண்டுகளாக அந்தக் கூட்டுக்குரலுக்குள் அவன் ஒளிந்திருந்திருக்கிறான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தார்கள். அதைப் பார்த்து நானும் என் வகுப்பை மூன்றாகப் பிரித்து, வரிசை வரிசையாக உட்காரவைத்தேன். பீகார்ச் சிறுமிக்குக் கடைசி வரிசை. ஆங்கிலத்தை நான் தமிழில் விளக்க, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டதற்குப் பதில் இல்லை. மெல்லக் கற்போர் பதிவேட்டில் அவள் பெயரையும் எழுதிவிட்டேன். அப்படி எழுதியது என் தவறு.

ஆகஸ்டில் ஒரு சொல்வதெழுதுதல். பன்றியைக் குறிக்கும் பிக், பெரியது என்று பொருள்படும் பிக், இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். பஸ் என்று சொல்லும்போது நம் உதடு சரியான ஒலியைத்தான் எழுப்புகிறது. ஆனாலும் எழுத்து ஒன்றாகவே இருப்பதால் அதைத் தனி ஒலியாகப் பிரித்துக் கேட்கக் காது பழகுவதில்லை. முதல் வரிசையில் சரளமாக வாசிக்கும் பையன்கூட இரண்டையும் மாற்றி எழுதியிருந்தான். அத்தனையும் சரியாக எழுதியிருந்தவள் அந்தச் சிறுமி ஒருத்திதான்.

"டீச்சர், இரண்டும் ஒன்றுதானே?" என்றான் அவன். நான் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். சற்றே தயங்கியவள், வந்து இந்தி எழுத்துகள் இரண்டை எழுதி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு ஒலித்துக் காட்டினாள். அவள் மொழியில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. வகுப்பு முழுவதும் தொண்டையில் கைவைத்து எதில் அதிர்கிறது, எதில் இல்லை என்று சோதித்துப் பார்த்தது. அவ்வளவு சத்தத்தை நான் அதுவரை அனுமதித்ததில்லை.

அதன்பிறகு பிழைகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழு வாக்கியம். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'இஸ்' போடாமல் 'ஷீ டீச்சர்' என்கிறார்கள். இந்தியில் அந்த இடத்தில் 'ஹை' வரும். ஆகவே அவள் 'இஸ்'ஸை விடமாட்டாள். கொண்டுபோய் வாக்கியத்தின் கடைசியில் வைப்பாள். ஆனால் பெண்ணையும் 'ஹீ' என்பாள், இந்தியில் இருவருக்கும் ஒரே சொல் என்பதால். அவன், அவள் என்று பேசி வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அதில் குழப்பமில்லை. 'அவர்' வந்தால்தான் தடுமாறுவார்கள். ஒன்றில் முன்னால் நிற்கும் பிள்ளை இன்னொன்றில் பின்னால் நிற்கிறது. இவர்களை எந்த வரிசையில் உட்காரவைப்பது?

வரிசைகளைக் கலைத்தேன். எல்லோருக்கும் ஒரே சந்தைப் படம். சிலர் காய்களின் பெயரை ஒட்டுவார்கள், சிலர் இரண்டு வாக்கியம் எழுதுவார்கள், சரளமாக வாசிப்பவர்கள் வியாபாரிக்கும் வாங்குபவருக்கும் பேரம் எழுதுவார்கள். நன்றாகப் படிப்பவர்களைக் குழுத் தலைவர்களாக்கியது முதலில் பலிக்கவில்லை. 'சொல்லிக்கொடு' என்றால் விடையைச் சொல்லிவிடுவார்கள். அடுத்தவர் பென்சிலைத் தொடக்கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம் என்று விதி வைத்த பிறகே குழுக்கள் வேலை செய்தன. இதற்கெல்லாம் 40 நிமிடப் பாடவேளை போதாது. தயாரிப்பு என் மாலைகளைத் தின்றது. மேற்பார்வைக்கு வந்தவர் எல்லா நோட்டிலும் ஒரே விடை ஏன் இல்லை என்று கேட்டார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

தீபாவளிக்கு முன் சிறுமியின் குடும்பம் ஊருக்குப் போனது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்குச் சத் பூஜை. நவம்பர் கடைசியிலும் அவள் திரும்பவில்லை. அந்தப் பையன் ஒவ்வொரு சொல்வதெழுதுதலுக்குப் பிறகும் குழப்பிய சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தான். "அவள் வந்ததும் கேட்டுக்கொள்கிறேன், டீச்சர்."

"என்னிடம் கேட்கலாமே, கண்ணு?"

"நீங்கள் சொன்னால் எனக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது."

டிசம்பர் இரண்டாம் வாரம் அவள் வந்து சேர்ந்தாள். நான் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்குள் அவன் நோட்டுடன் அவள் இடத்துக்குப் போய்விட்டான்.