அண்ணாந்து பார்த்த ஆரூர்

எனக்கு ஒரு பழக்கம், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மேலேதான் பார்ப்பேன். கல்யாண மண்டபம், பத்திரப்பதிவு அலுவலகம், பரோட்டா கடை, எதுவானாலும் சரி, கூரையை ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் மற்றது. என் போனில் மனிதர்களைவிடக் கூரைகள்தான் அதிகம் இருக்கும். "தலைக்கு மேல என்னடா இருக்கு, ஒட்டடைதானே" என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி. இத்தனைக்கும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வரிசையில் நின்று, எம்பி, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் அவள். அந்தப் பல்லிகள் இருப்பது கூரையில்தானே என்று கேட்டால், "அது சாமி, இது வேற" என்பாள்.

மாசி மாதம் அம்மாவைத் திருவாரூருக்குக் கூட்டிப் போனேன். அவளுக்குத் தியாகராஜர், எனக்கு அதே கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக் கூரை. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்பது கணக்கு.

தங்கியது ஒரு பழைய வீட்டில், அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். கட்டிலில் படுத்ததும் தூக்கம் போய்விட்டது. மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருப்பார்களே, அதேதான். பல தடவை வெள்ளையடித்து மூலை முனையெல்லாம் மழுங்கிப் போயிருந்தது, ஒரு கட்டையில் தொட்டில் கொக்கி ஒன்று துருப்பிடித்து இன்னமும் தொங்கியது. எத்தனை பிள்ளைகள் அதன் கீழே கிடந்து இதே செங்கலைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்களோ. ஏழெட்டுப் படம் எடுத்தேன். "விளக்கை அணைடா" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் முதலில் திருவீழிமிழலை. பூந்தோட்டம் வழியாகப் போனோம், இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். பெருமாள் ஆயிரம் தாமரையால் பூஜை செய்ய உட்கார்ந்து, ஒன்று குறைந்ததும் தன் கண்ணையே எடுத்து வைத்துச் சக்கரம் பெற்ற ஊர். பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் தினம் ஒரு காசு கொடுத்த ஊரும் இதுதான். அதில் சம்பந்தருக்குக் கிடைத்த காசு மட்டும் கொஞ்சம் மட்டம், கடைக்காரர்கள் மதிப்பில் கொஞ்சம் கழித்து, வட்டம் பிடித்துக்கொண்டுதான் வாங்கினார்களாம். உழவாரம் பிடித்து உடம்பால் வேலை செய்த அப்பருக்கு நல்ல காசு என்று அம்மா விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தாள், அவளுக்கு அதில் ஏனோ ஒரு தனி சந்தோஷம்.

நான் போனது வௌவால் நெத்தி மண்டபத்துக்காக. நம் கோயில் மண்டபங்களில் தூண் ஏன் காடு மாதிரி நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்கு மட்டும் இல்லை. கல் பாளத்தை இரண்டு முனையில் தாங்கி வைத்தால் கொஞ்ச தூரத்துக்குத்தான் நிற்கும், நீளம் கூடினால் நடுவில் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் சில அடிக்கு ஒரு தூண். இங்கே நடுவில் தூணே கிடையாது. கூரை இரண்டு பக்கமும் வளைந்து ஏறி உச்சியில் சேர்கிறது, உள்ளே நின்றால் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் நிற்பது போல இருக்கிறது. சுவாமி கல்யாணம் இங்கேதான் நடக்கும், எங்கே உட்கார்ந்தாலும் மாப்பிள்ளை சுவாமியைத் தூண் மறைக்காது. அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, எதைக் கேட்டாலும் செய்து தருகிறோம், திருவீழிமிழலை வௌவால் நெத்தி மண்டபமும் ஆவுடையார்கோயில் கொடுங்கையும் (கல்லிலேயே செதுக்கிய, வளைந்து இறங்கும் கூரை விளிம்பு) மட்டும் நீங்கலாக என்று எழுதி வைப்பார்களாம். இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் மேலே பார்த்தாள். "மழைக்கு ஒழுகாதா?" என்றாள்.

மதியம் நடை சாத்தியிருக்கும், சாப்பிட்டுத் தூங்கிவிட்டு நாலு மணிக்கு ஆரூர்க் கோயிலுக்குக் கிளம்பினோம். போனை அறையிலேயே வைத்துவிட்டேன். கோயில்களுக்குள் போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்து என் மாதிரி ஆட்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் நியாயமாகச் சொன்னால் சன்னிதியில் செல்ஃபி எடுப்பவர்களுக்குப் பின்னால் நின்று கடுப்பானவன்தான் நானும்.

தேவாசிரிய மண்டபம் பேருக்கு ஆயிரங்கால் மண்டபம், உண்மையில் தூண்கள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே கூடியிருந்த அடியார்களைப் பார்த்துத்தான் சுந்தரர் அவர்களைப் பாடினார் என்பது வரலாறு. அன்றைக்குத் திறந்திருந்தது எங்கள் நல்ல நேரம். உள்ளே வெயிலுக்குப் பின் ஒரு குளிர்ச்சி, கண் பழக ஒரு நிமிஷம் ஆனது, அப்புறம் மெதுவாகச் சிவப்பு தெரிய ஆரம்பித்தது.

கூரை முழுக்க நீள நீளப் பட்டைகளாக ஓவியம். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆனவை. சிவப்புத் தரையில் மஞ்சளும் வெள்ளையும் பச்சையுமாக ஆட்கள், ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழிலேயே என்ன நடக்கிறது என்று எழுதியிருக்கிறது. வரைந்தவர் பெயரும் இருக்கிறது, சித்திர வேலை சிங்காதனம். இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிய கைகளில் எத்தனை பேருக்குப் பெயர் தங்கியது, இவருக்குத் தங்கியிருக்கிறது. நடுவில் மழைநீர் இறங்கியும் புகை படிந்தும் ஓவியங்கள் பாழாகிக்கொண்டிருந்தன, 2008 வாக்கில் தொடங்கிச் சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். சில இடங்களில் மொட்டைச் சுண்ணாம்புதான் மிச்சம், அங்கே கதை அறுந்துவிடுகிறது.

அஞ்சு நிமிஷத்தில் கழுத்து போய்விட்டது. மல்லாந்து படுத்துவிடலாம் என்று துண்டை விரித்தேன். அம்மா விடவில்லை. "கோயில்ல குப்புற விழுந்து கும்பிடணும், மல்லாந்து படுக்கிற இடமாடா இது?" சரி, தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போது அவள் சுருக்குப் பையிலிருந்து பொட்டு வைக்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினாள், உள்ளங்கை அளவு, பின்பக்கம் ரோஜாப்பூ படம் போட்டது. "இதுல பாரு."

மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் கூரை அப்படியே கண்ணாடியில் இறங்கி வந்தது. விரலை லேசாகச் சாய்த்தால் ஊர்வலம் நகர்ந்தது. ஒரே தொல்லை, எழுத்தெல்லாம் தலைகீழ். நான் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிக் கூட்டிக்கொண்டிருக்க, அம்மா எழுத்தைப் பார்க்கவே இல்லை, எட்டிப் பார்த்துவிட்டு, "அது முசுகுந்தன்டா, மூஞ்சி குரங்கு மூஞ்சி பாரு" என்றாள்.

அதற்கப்புறம் அவள்தான் சொன்னாள், நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிவராத்திரி அன்றைக்கு ஒரு குரங்கு தெரியாமலே வில்வ இலையைப் பறித்துச் சிவன்மேல் போட்டுக்கொண்டே இருந்தது, அது மறுபிறவியில் முசுகுந்தச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. ராஜாவானாலும் பழசு மறக்கக் கூடாது என்று அந்த முகத்தையே கேட்டு வாங்கிக்கொண்டான். இந்திரனுக்காக அசுரர்களோடு சண்டை போட்டுக் கொடுத்துவிட்டு, கூலியாக அவன் பூஜையில் இருந்த தியாகராஜரைக் கேட்டான். இந்திரனுக்குக் கொடுக்க மனசில்லை. அச்சு அசலாக இன்னும் ஆறு செய்ய வைத்து, ஏழையும் வரிசையாக வைத்து, எது உன்னுடையது என்றான். "அதோ ஏழும் இருக்கு பாரு." இருந்தன. பூவால் மூடி முகம் மட்டும் தெரிய, இன்றைக்குச் சன்னிதியில் எப்படியோ அப்படியே. முசுகுந்தன் சரியானதைத் தொட்டுவிட, இந்திரன் ஏழையும் கொடுத்து அனுப்பினான். ஆரூரில் ஒன்று, மற்ற ஆறும் திருநள்ளாறு, நாகை, திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம், திருக்காரவாசல்.

இறங்கி வரும் ஊர்வலத்தில்தான் சிங்காதனம் கையை அவிழ்த்துவிட்டிருக்கிறார். கொம்பு, தாரை, மத்தளம், ஆடுகிற பெண்கள், குடை, அப்புறம் வாணவேடிக்கை. கறுத்த வானத்தில் இல்லை, அதே சிவப்பில் பொறி பறக்கிறது. தேவலோகத்துக் கதையில் தன் ஊர்த் திருவிழாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டார் மனுஷர். "நான் சின்ன வயசுல பார்த்த மாதிரியே இருக்குடா" என்று அம்மா சொன்னபோது அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்த்து நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயரட்சைக்கு மணி அடித்தது. இந்த ஊரில் மாலைப் பூஜைக்குத் தேவர்களே வந்து நிற்பதாக நம்பிக்கை, அதனால் கூட்டம் எப்போதும் உண்டு. நெருக்கியடித்து உள்ளே போனோம். சன்னிதிக்கு முன்னால் நின்றதும் பழக்க தோஷத்தில் என் தலை மேலே போனது, எண்ணெய்ப் புகையில் கறுத்த கல், அதில் மடிந்து விழும் விளக்கு வெளிச்சம். முழங்கையால் ஒரு இடி. "இப்பவாவது நேரா பாருடா."

பார்த்தேன். பூக்களுக்கு நடுவே முகம் மட்டும். அரை மணி முன்பு உள்ளங்கைக் கண்ணாடிக்குள் ஏழாக வரிசையில் இருந்தவர்.

இரவு அறையில், தொட்டில் கொக்கிக்குக் கீழே படுத்துக்கொண்டு அன்றைய படங்களைப் பார்த்தேன். போன் வெளியே இருந்த நேரமெல்லாம் எடுத்தவை. டீக்கடை கீற்று, பேருந்து நிலையத்துத் தகரம், இந்தச் செங்கல். ஆரூர்க் கூரை ஒன்றுகூட இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்த அம்மா இருட்டில் கேட்டாள்.

"அந்த ஆவுடையார்கோயில் கொடுங்கைன்னு சொன்னியே, அது இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"காலைல கிளம்பினா மதியத்துக்குள்ள போயிடலாம்மா. ஏன்?"

"பீரோல பெரிய கண்ணாடி ஒண்ணு இருக்கு, அடுத்த தடவை அதை எடுத்துக்கறேன்."