விண்டெல்ன் பைன் காடு: பாசியை விலக்கிப் பாருங்கள்

வடக்கு ஸ்வீடனில் உமேயோவிலிருந்து வடமேற்கே சுமார் 60 கி.மீ. விண்டெல்ன் வரை ரயிலிலும் போகலாம். ஆனால் அங்கிருந்து காட்டுக்கு டாக்ஸி மட்டும் வேண்டவே வேண்டாம். டிரைவர் கேட்ட காசில் ரெண்டு நாள் சாப்பிடலாம், அநியாயம்! மூணு பேர் சேர்ந்து உமேயோவிலேயே வாடகைக் கார் எடுத்தால் கட்டுப்படியாகும்.

ஆனால் அந்தக் காட்டுக்காக எவ்வளவு செலவழித்தாலும் தகும். காட்டு மண் ஆய்வாளர் பீட்டர் ஹோக்பெர்க் குழு, விண்டெல்ன் பக்கத்து ஓஹேடன் பைன் காட்டில் அடிமரத்துப் பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தது. இலையில் உருவாகும் சர்க்கரை உள்பட்டை வழியாக இறங்குகிறது; தண்ணீர் கட்டை வழியாக ஏறுகிறது. அதனால் மரம் உடனே வாடவில்லை, வேருக்குச் சர்க்கரை மட்டும் நின்றது. மண் வெளிவிடும் கரியமில வாயு 5 நாளிலேயே 37% வரை குறைந்தது, ரெண்டு மாதத்துக்குள் சுமார் 54%. 2001ல் வெளியான முடிவு இது.

அந்தச் சர்க்கரை யாருக்கு? ஒரு நல்ல பங்கு, வேர் நுனியைப் போர்த்தி வாழும் வேர்ப்பூஞ்சைக்கு. இங்கே நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் மட்காத ஊசியிலைக்குள் பூட்டிக் கிடக்கிறது. சர்க்கரையை வாங்கிக்கொண்டு பூஞ்சை இழை வேர் எட்டாத இடத்திலிருந்து அந்த நைட்ரஜனைக் கொண்டுவருகிறது. வேரிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று நுண்ணுயிர்கள் நொதி சுரந்து மட்கை உடைக்கின்றன. கூடவே கசியும் ஆக்ஸாலிக் அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் பிடித்துக்கொண்டு பாஸ்பரஸை விடுவிக்கிறது.

சர்க்கரை கூடினால் சத்தும் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். நைட்ரஜன் ரொம்பக் குறைந்த மண்ணில், கிடைத்ததைப் பூஞ்சையும் நுண்ணுயிரும் தங்களுக்கே வைத்துக்கொள்ளும். நைட்ரஜன் உரம் போட்டாலோ, மரம் கீழே சர்க்கரை அனுப்புவதைக் குறைக்கும், காளானும் குறையும்.

பார்ப்பது எப்படி? 10 மடங்கு லென்ஸ் போதும். பாசியை உள்ளங்கை அகலத்துக்குத் தூக்குங்கள். கரும்பழுப்பு மட்குக்குள் மயிரிழை வேர்கள். நுனி தடித்து, ஆங்கில ஒய் எழுத்துபோலக் கிளைத்து, வேர்த்தூவி இல்லாமல் இருந்தால் அதுதான் பூஞ்சை போர்த்திய வேர். இழுக்காதீர்கள், நுனி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். கொஞ்சம் கீழே சாம்பல் மணல், அதற்கும் கீழே துருநிறம். காய்வதற்குள் பாசியை மூடிவிடுங்கள். குழாய், கயிறு கட்டிய ஆய்வுத் திட்டுகளுக்குள் காலே வைக்கக் கூடாது.

ஜூன், ஜூலையில் கொசு பிய்த்துவிடும். செப்டம்பரில் போங்கள்: காளான் நிறைய, லிங்கன்பெரி என்ற சிவப்புக் காட்டுப்பழத்தைப் பறித்துத் தின்னக் காசு கொடுக்க வேண்டாம்.