ஆறு பக்க ஒப்புதல் படிவம்

மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கு முதியவர்களே பாடம் நடத்தினால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆய்வு. அதற்கு, ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியது தனிக் கதை.

முதல் விண்ணப்பம் ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. பங்கேற்பவர்கள் 65 வயதைக் கடந்தவர்களாம். ஆகவே அனைவருக்கும் நினைவாற்றல் சோதனை நடத்தி, தேறியவர்களிடம் மட்டுமே ஒப்புதல் பெற வேண்டுமாம். குழுவில் பாதிப் பேர் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். வயதை வைத்து ஒதுக்குவதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் ‘ஏஜிசம்’ என்று பெயர் சூட்டி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வழக்கம் மட்டும் படிவங்களில் சௌக்கியமாகக் குடியிருக்கிறது.

கோபத்தில் எழுதிய பதிலை, நல்லவேளையாக, அனுப்பவில்லை. நிதானமாக இன்னொன்று எழுதினேன். முடிவெடுக்கும் திறனைப் பொத்தாம்பொதுவாக ஒரு மதிப்பெண்ணில் அடக்க முடியாது; எந்த முடிவு என்பதைப் பொறுத்து அது மாறும். சொன்னது புரிகிறதா, அது தனக்கு எப்படிப் பொருந்தும் என்று உணர்கிறாரா, சாதக பாதகங்களை எடைபோடுகிறாரா, விருப்பத்தைத் தெரிவிக்கிறாரா என்ற நான்கையும் உரையாடலிலேயே பார்த்துவிடலாம். இன்றைய தேதியை மறந்தவர்கூட, “மாணவர்களோடு பேசுகிறேன், படம் மட்டும் எடுக்காதீர்கள்” என்று தெளிவாகச் சொல்ல முடியும். குழு ஏற்றுக்கொண்டது.

பிறகுதான் என் லட்சணம் தெரிந்தது. பொடி எழுத்தில் ஆறு பக்கப் படிவம். ஒத்திகைக்காக ஒரு பெரியவரிடம் கொடுத்து, புரிந்ததை அவருடைய சொற்களில் சொல்லும்படி கேட்டேன். “எனக்கு ஏதாவது ஆனால் நீங்கள் பொறுப்பில்லை. அவ்வளவுதானே?” என்றார். பெரிய எழுத்தில் இரண்டு பக்கமாகச் சுருக்கினேன்.

வகுப்பில் மாணவர்கள் கத்திப் பேசினார்கள். “காது மந்தம்தான் அப்பா, நான் கிணற்றுக்குள் இல்லை” என்றார் ஒரு பாட்டி. வயதானால் உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் மங்கும். கத்துவதால் சொல் தெளிவாகிவிடாது. எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிறுத்திப் பேச வேண்டும். நான் அரை மணி நேரம் நடத்தியிருக்கக்கூடிய பாடத்தை அவர் இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

கடைசியில் நேர்காணல் பதிவுகளை எழுத்தாக்க உட்கார்ந்தேன். ஓர் அம்மாவின் நேர்காணலில், மூன்று இடங்களில் கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டு, பதிலை மகளிடம் வாங்கியிருக்கிறேன். இரண்டாவது முறை அவர் பேசத் தொடங்கியது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. என் குரல் அதன் மேல் ஏறி அமர்கிறது. அதையும் தரவாகக் குறித்துக்கொண்டேன்.