தலைகுந்தாவில் உறைபனி, சாண்டிநல்லாவில் கரிமண்

ஜனவரியில் ஊட்டிக்குப் போகிறவர்கள் விடியுமுன் தலைகுந்தா போய்விட வேண்டும். எட்டு மணிக்கு வெயில் ஏறிவிட்டால் பனி விழுந்த சுவடே இருக்காது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடலூர் சாலைக்குக் கீழே புல்வெளி முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்புப் பூத்ததுபோல் ஊசி ஊசியாகப் பனி. நுனியில் அடர்த்தி, தண்டுப்பக்கம் போகப் போகக் குறைவு. சற்றுத் தள்ளி மேட்டில் இருந்த புல்லில் வெறும் ஈரம்தான்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் நீலகிரியில் உறைபனி பள்ளத்தைத் தேடி இறங்குகிறது. அதே பள்ளங்களில்தான் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன.

முத்தோரை பாலாடாவில் ஒரு கேரட் தோட்டத்தில் அந்தக் குளிரிலும் ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தது. “பனியோட வெயில் பட்டா இலை கருகிரும்ங்க. அதுக்குள்ள தண்ணி விட்டுக் கரைச்சிரணும்” என்றார் தோட்டக்காரர். “இப்பெல்லாம் பனி எப்படிங்கண்ணா?” என்று கேட்டேன். “கார்த்திகையில நீர்ப்பனி, மார்கழியில உறைபனின்னு ஒரு கணக்கு இருந்துச்சு. இப்ப மார்கழியிலயும் மழை, மூடாப்பு. தை பொறந்து திடீர்னு ஒரே ராத்திரியில கொட்டுது. பனி வர்றதே தப்புன்னு சொல்ல மாட்டேன், சொல்லாம வர்றதுதான் கஷ்டம்.”

தேயிலைக்கும் இதே கதி. கருகிய செடி மறுபடி துளிர்க்கும்வரை பறிக்கப் பச்சைத் தேயிலை இல்லை, பறிக்கிறவர்களுக்குக் கூலியும் இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் தழையால் மூடிக் காப்பாற்றுகிறார்கள். ஒரு மலைச்சரிவையே மூட எந்தத் தழை போதும்?

ஆனால் உறைபனியைப் பயிரின் எதிரியாக மட்டும் பார்த்தால் இந்த மலையைப் பாதிதான் புரிந்துகொள்வோம். அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் போனால் மடிப்புகளில் சோலைக்காடும் சுற்றிலும் புல்வெளியுமாக இருக்கும். சோலை மரத்தின் விதை வெட்டவெளிப் புல்லில் முளைத்தால், ஓர் உறைபனி இரவு போதும், கன்று செத்துவிடும். காட்டுக்குள் மரக்கூரை சூட்டைப் பிடித்து வைப்பதால் அங்கே பிழைக்கிறது. புல்வெளி புல்வெளியாகவே நீடிப்பதற்குத் தீயோடு இந்தப் பனியும் ஒரு காரணம். இரவுகள் சூடேறினால் இந்தக் காவல் தளரும்.

இந்தப் புல்வெளி மனிதன் மரத்தை வெட்டி உண்டாக்கியது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அதற்குப் பதில் சாண்டிநல்லா பள்ளத்துக்கு அடியில் இருக்கிறது. செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் உள்ள அதே சாண்டிநல்லாதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கியும் மக்காமலும் படிந்த கரிய சதுப்பு மண் அங்கே உண்டு. சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் கரிமண்ணில் உள்ள கார்பனை ஆராய்ந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வடக்கே பனியுகம் உச்சத்தில் இருந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வறண்ட காலம், புல்வெளிதான் ஓங்கியிருந்தது என்று அந்த மண் சொன்னது. எங்கோ உறைந்த பனியின் கணக்கு நம் ஊட்டிச் சேற்றில் எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் நின்றபோது உண்மையாகவே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இமயமலையில் தண்ணீர் பனிக்கட்டியாகச் சேமிக்கப்படுகிறது. அங்கே 2011–2020இல் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்ததாக, இமயமலைப் பகுதியை ஆராயும் இசிமோட் நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில், உறைந்திருந்த கரைமண் சரிந்து விழுந்து ஏரி உடைந்தது. வெள்ளம் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு போனது. மலையின் நீர்ச்சேமிப்பு ஆட்டம் காணும்போது அதை நம்பிக் கட்டியதும் சேர்ந்தே போகிறது.

நீலகிரியில் பனியாறு கிடையாது. இங்கே சேமிப்பு புல்லிலும் சதுப்பிலும் இருக்கிறது. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை வரைக்கும் கசியவிடும். 1932 முதல் மின்சாரம் தரும் பைக்காராவும், குந்தா மின்நிலையங்களும், கோவையில் எங்கள் வீட்டுக் குழாயில் வரும் பில்லூர் தண்ணீரும் அந்தக் கசிவைச் சார்ந்தவை. அந்தச் சேமிப்பைத்தான் நாம் மரம் நட்டுக் குறைத்தோம். கிளென்மார்கனில் புல்வெளி இருந்த நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வைத்துப் பார்த்தபோது, நட்டு வெட்டும் முதல் சுற்றிலேயே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. சீகை எனப்படும் வாட்டில் மரம் இன்னும் மோசம், ஏனென்றால் அது பனியையும் தாங்கி, தானாகவே பரவும். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது.

அதனால் காட்டுகுப்பை என்ற இடத்தில் கட்டப்படும் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம்போல ஒவ்வொன்றுக்கும் அணை, சுரங்கம், கான்கிரீட் என்று கணக்குப் போடும்போது, மேலே உள்ள புல்லையும் சதுப்பையும் திட்டத்தின் ஒரு பாகமாகவே சேர்த்து, பராமரிக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். சீகையை வெட்டியதோடு வேலை முடியாது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, வெளிச்சம் பட்டதும் முளைக்கும். கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டு வளர்த்தால்தான் சரிவு மீளும். அந்த வேலைக்குக் கூலி கொடுத்தால் பனியில் தேயிலை கருகும் மாதங்களில் பறிப்பவர்களுக்கும் ஒரு பிழைப்பு ஆகும்.

போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தலைகுந்தாவில் வண்டியைச் சாலையோரமே நிறுத்தி, பனியை மேட்டிலிருந்து பாருங்கள். படத்துக்காகப் பள்ளத்தில் இறங்கினால் சதுப்பு மிதிபட்டு இறுகிவிடும், இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது.