மேலுமலை ஏற்றத்தில் அப்பாவின் பியட்

மூன்றாவது ஞாயிறு. இந்த முறை வண்டி நிற்கவில்லை!

அப்பாவின் 1986 பிரீமியர் பத்மினி இது. ஊரில் எல்லோரும் இதைப் பியட் என்றுதான் சொல்வார்கள். கிருஷ்ணகிரியில் மாமரத்தடி ஷெட்டில் ஆறு வருடம் கிடந்ததை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து இரண்டு மாதம் ஆகிறது. சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. சூளகிரி போகிற வழியில் மேலுமலை ஏற்றம்தான் சோதனை. முதல் ஞாயிறு மதியம், லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தபோது இருமி இருமி நின்றுவிட்டது. கூடவே எங்கள் வேகன்ஆரை ஓட்டி வந்த மச்சான் ஏசியைக்கூட அணைக்காமல் மேலே போய்க் காத்திருந்தார்.

பானட்டைத் திறந்து ஏசி பம்பைத் தொட்டேன். விரல் வைக்க முடியவில்லை. குளிர்சாதன ஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பழைய பெட்ரோல் பம்புக்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் அது. துண்டை நனைத்து அதன்மேல் போட்டதும் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது.

பியட்டில் டேங்க் பின்னால், பம்ப் இன்ஜினோடு ஒட்டி முன்னால். அவ்வளவு தூரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அதனால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். சூடும் சேர்ந்தால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வறண்டுவிடும். வேகன்ஆரில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அங்கிருந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது, குழாயில் ஆவி சேர வாய்ப்பே குறைவு. இன்ஜின் அளவு பார்த்தால் 1089 சிசிக்கு எதிரே 1197 சிசி, பெரிய வித்தியாசமில்லை. பெட்ரோல் போகும் பாதைதான் எல்லாம்.

மெக்கானிக் அண்ணன் பம்பைக் கழற்றியதும் கேட்டார், "தம்பி, நடுவுல இருக்க வேண்டிய பேக்கலைட் கட்டை எங்கே?" பம்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் கட்டை அது. முன்பு யாரோ வேலை பார்த்தபோது அதை விட்டுவிட்டு வெறும் காகித பேக்கிங் வைத்து மூடியிருக்கிறார்கள். பிளாக்கின் சூடு நேராகப் பம்புக்கு ஏறியிருக்கிறது.

இரண்டாம் வாரம் ஆர்வத்தில் கட்டையைத் தடிமனாகப் போட்டேன். பம்ப் சூடாகவில்லை, ஆனால் பம்பை இயக்கும் தள்ளுகோல் முழுதாக எட்டாமல் பெட்ரோலும் போதவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அப்புறம் பழைய அளவிலேயே ஒரு கட்டை தேடி வாங்கினோம். ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட்டேன். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். குழாயை இன்ஜினின் சூடான மேனிஃபோல்டிலிருந்து நாலு விரல் தள்ளிக் கட்டினேன்.

நேற்று அதே மதியம், அதே ஏற்றம். மேலே போய்ப் பம்பில் விரலை வைத்துப் பத்து வரை எண்ணினேன், சுடவில்லை. அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் கியரை நான் மாற்றும் ஒவ்வொரு முறையும் கையைத் தன்னையறியாமல் அசைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்து தொப்பூர் கணவாய் இறங்க ஆசை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், வேகன்ஆர் போல ஏபிஎஸ் கிடையாது. லைனிங்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் கிளம்புவேன்.